சாய்வு 27 சதவீதம் குறையுது: ஒளிமின் விளைவு, நிறுத்து மின்னழுத்தம், அதிர்வெண்

பச்சை_546 (மல்லேஸ்வரம்), வெள்ளி இரவு 9:40

வணக்கம். எம்.எஸ்சி. லேப், ஒளிமின் விளைவு (ஒளி பட்டதும் ஒரு பரப்பில் இருந்து எலக்ட்ரான் வெளிவருவது). மெர்குரி லாம்ப், ஐந்து இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்ட்டர், ஆன்டிமனி–சீசியம் கேத்தோடு வைத்த வெற்றிட ஃபோட்டோட்யூப், பிகோ அம்மீட்டர். எதிர்மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், மீட்டர் பூஜ்யம் காட்டும் இடத்தை நிறுத்து மின்னழுத்தமா எடுத்தது. அளவீடுகள்:

365 நா.மீ. (நானோமீட்டர்) – 1.31 வோல்ட்
405 நா.மீ. – 1.09
436 நா.மீ. – 0.94
546 நா.மீ. – 0.50
578 நா.மீ. – 0.40

அதிர்வெண்ணுக்கு எதிரா வரைபடம் போட்டா கோடு நேரா வருது. எந்தப் புள்ளியும் 0.02 வோல்ட்டுக்கு மேல விலகலை. ஆனா சாய்வு 10¹⁴ ஹெர்ட்ஸுக்கு 0.303 வோல்ட்தான். அதிலிருந்து பிளாங்க் மாறிலி 4.85 × 10⁻³⁴ ஜூல் செகண்ட். 6.63 வரணும். லாம்ப்பைத் தள்ளி வைத்து வெளிச்சத்தைப் பாதியாக்கினாலும் அதே வோல்ட்டில்தான் பூஜ்யம். கோடு நேர், செறிவைச் சார்ந்தும் மாறலை, பாடம் சொல்கிற இரண்டும் சரியா இருக்கு. அப்புறம் எப்படி 27 சதவீதம் போகும்?

பிகோ_ஆம்ப் (பீன்யா), வெள்ளி இரவு 10:15

நல்லா கேட்டிருக்கீங்க, முக்கியமா அந்த 'பாதி வெளிச்சம்' தகவல். பாதிப் பதில் அதிலேயே இருக்கு.

முதல்ல சாய்வை விட்டுட்டு வெட்டுத்துண்டை, அதாவது அதிர்வெண் பூஜ்யத்தில் கோடு வோல்ட் அச்சை வெட்டும் இடத்தைப் பாருங்க. உங்க கோட்டை நீட்டினா −1.16 வோல்ட்டில் வெட்டும். அதை அப்படியே வெளியேற்று ஆற்றல்னு (எலக்ட்ரானைப் பரப்பில் இருந்து பிடுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) எழுதினா 1.16 ஈவி (எலக்ட்ரான் வோல்ட்). ஈவியை அலைநீளமா மாற்ற 1240-ஐ அதால வகுத்தா 1069 நா.மீ. அதாவது டிவி ரிமோட்டின் அகச்சிவப்புக்கே அந்த ட்யூப் துள்ளணும். ஆன்டிமனி–சீசியம் கேத்தோடு 650, 700 நா.மீ. தாண்டினாலே படுத்துடும். ஆக உங்க புள்ளிகள் தாறுமாறா பிசகலை. ஊதா பக்கம் போகப் போக ஒழுங்கா, கூடுதலா கீழே இழுக்கப்பட்டிருக்கு. அதனாலதான் கோடு நேராவே இருக்கு.

கீழே இழுப்பது எதிர் மின்னோட்டம். நீங்க தேடுவது கேத்தோடில் இருந்து கிளம்பும் எலக்ட்ரான்களில் கடைசி ஆளும் நிற்கும் இடம். மீட்டர் காட்டுவது வேற: கேத்தோடில் இருந்து வருவதும் எதிர்ப்பக்கம் போவதும் சமமாகும் இடம். எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லைன்னாதான் இரண்டும் ஒன்று.

எதிர் மின்னோட்டத்துக்கு இரண்டு ஊற்று. ஒன்று கசிவு: ட்யூபின் கண்ணாடி, அடிப்பீடம், கேபிள் வழியா வோல்ட்டேஜுக்கு ஏற்ப ஓடுவது. இன்னொன்று ஆனோடே ஒளிபட்டு எலக்ட்ரான் உமிழ்வது. பிரித்துப் பார்க்க எளிது. மூடியைப் போட்டு இருட்டாக்கி 0-ல் இருந்து −2.5 வோல்ட் வரை ஓட்டுங்க. மின்னோட்டம் வோல்ட்டுக்கு நேர்விகிதமா ஏறினா கசிவு. இருட்டில் ஒன்றும் இல்லாம, வெளிச்சம் விட்ட பிறகு எதிர்ப்பக்கம் போய் சமதளமா நின்றா அது ஆனோடு.

பாதி வெளிச்சத்திலும் பூஜ்யம் நகரலைன்னு சொன்னீங்களே, அதனால ஆனோடுன்னு ஊகிக்கிறேன். கசிவு வெளிச்சத்தோட குறையாது. அது இருந்தா பூஜ்யப்புள்ளி நகர்ந்திருக்கும். ஆனோடு உமிழ்வு வெளிச்சம் பாதியானா தானும் பாதியாகும், கேத்தோடு மின்னோட்டமும் பாதியாகும், சமமாகும் இடம் அசையாது. செறிவுச் சோதனையில் பாஸ் ஆகிற பிழை இது, அதனாலதான் நிறைய ரெக்கார்டில் கண்ணில் படாமப் போகுது.

கோச்சிங்_குமரன் (ராஜாஜிநகர்), வெள்ளி இரவு 10:32

சார், ஆனோடு எப்படி உமிழும்? அது நிக்கல் அல்லது பிளாட்டினம் கம்பி. நிக்கலுக்கே வெளியேற்று ஆற்றல் 5 ஈவி கிட்ட. 365 நா.மீ. ஃபோட்டானுக்கு 3.4 ஈவிதான் இருக்கு. பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே எத்தனை ஃபோட்டான் போட்டாலும் ஒரு எலக்ட்ரான்கூட வராதுன்னுதானே பாடமே?

சீசியம்_சதா (சதாசிவநகர்), வெள்ளி இரவு 11:05

பாடம் சரி, ஆனோடுதான் சுத்தமா இல்லை. ட்யூப் செய்யும்போது உள்ளே சீசியம் ஆவியைவிட்டுத்தான் கேத்தோடை உருவாக்குறாங்க. அந்த ஆவி ஆனோடு கம்பியைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. ஓர் அணு அடுக்குகூட நிறையாத மெல்லிய சீசியம் படிந்தாலே உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் சரிந்துவிடும். தனிச் சீசியத்தின் 2.1 ஈவிக்கும் கீழே, 2-க்குள் இறங்கும். அந்த நிலையில் 365 என்ன, 546-கூட அதிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பும். அதிர்வெண் ஏற ஏற வேகமா கூடும், அதனாலதான் ஊதாப் புள்ளிக்கு அடி அதிகம், மஞ்சளுக்குக் குறைவு.

பிகோ_ஆம்ப் சாரின் 1069 நா.மீ. கணக்கில் ஒரு நுணுக்கம் சேர்க்கணும். திசை சரி, ஆனா அந்த வெட்டுத்துண்டு கேத்தோடைப் பற்றியதே இல்லை.

கேத்தோடையும் ஆனோடையும் வெளிக்கம்பியால இணைக்கும்போது இரண்டின் ஃபெர்மி மட்டமும் (உள்ளே எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் ஆற்றல் உயரம்) சமமாகுது. வெளியேற்று ஆற்றல் வேறயா இருப்பதால் இரண்டுக்கும் நடுவே வெற்றிடத்தில் ஒரு தொடு மின்னழுத்தம் தானாவே நிற்கும். கேத்தோடை விட்டு வர எலக்ட்ரான் கேத்தோடின் வெளியேற்று ஆற்றலைக் கட்டுது. தொடு மின்னழுத்தத்தையும் சேர்த்தா கேத்தோடுடையது அடிபட்டு ஆனோடுடையது மட்டும் மிஞ்சும். ஆக வோல்ட்மீட்டர் காட்டுவது: நிறுத்து ஆற்றல் = ஃபோட்டான் ஆற்றல் − ஆனோடின் வெளியேற்று ஆற்றல். கேத்தோடுக்கு இதில் உள்ள வேலை, எந்த அலைநீளத்துக்குமேல் மின்னோட்டமே வராதுன்னு முடிவு பண்றது மட்டும்.

குமரன் சார் சொன்ன சுத்த நிக்கல் ஆனோடா இருந்தா 3.4-ல் 5-ஐக் கழிக்கணும், மைனஸ் வரும். 365-க்குக்கூட எலக்ட்ரானை நிறுத்தத் தேவையே இல்லை, நாம முன்பக்கம் வோல்ட் கொடுத்து இழுத்தாத்தான் ஆனோடுக்கு வரும். தம்பிக்கு நிறுத்த வோல்ட் தேவைப்படுவதே ஆனோடில் சீசியம் இருக்குங்கிறதுக்குச் சாட்சி. சரி பண்ணிட்டு அளந்தா வெட்டுத்துண்டு 1.5-லிருந்து 1.9 ஈவிக்குள்ள வரும்னு எதிர்பார்க்கிறேன். 1.16 அதுக்கும் ரொம்பக் கம்மி.

கோச்சிங்_குமரன், வெள்ளி இரவு 11:14

12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் வெட்டுத்துண்டு = கேத்தோடின் வெளியேற்று ஆற்றல்னு போட்டிருக்கே.

சீசியம்_சதா, வெள்ளி இரவு 11:21

இரண்டு மின்முனையும் ஒரே உலோகம்னா, இல்லை தொடு மின்னழுத்தத்தைத் தனியா அளந்து கூட்டியாச்சுன்னா அது சரி. தேர்வுக்கு அப்படியே எழுதுங்க. அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் 1916-ல் வெளியிட்ட சோதனையில் தொடு மின்னழுத்தத்தைத் தனியா அளந்து திருத்தினார். லித்தியம், சோடியம், பொட்டாசியம் உருளைகளை வெற்றிடத்துக்குள்ளேயே கத்தியால் சீவிப் புதுப்பரப்பில் அளந்தார். அதைவிட தம்பியின் கேள்விக்குப் பொருந்துவது, எலக்ட்ரானைப் பிடிக்கும் கிண்ணத்தை ஆக்சைடு ஏற்றிய செப்பு வலையால் செய்தது. அவர் பயன்படுத்திய அலைநீளங்களுக்கு அந்தச் செப்பு உமிழாது. தம்பியின் தொல்லையை அவர் பொருள் தேர்விலேயே அடைத்துட்டார். அவருக்குக் கிடைத்த பிளாங்க் மாறிலி 6.57, இன்றைய மதிப்பு 6.626.

பச்சை_546, சனி பகல் 1:50

இருட்டுச் சோதனை பார்த்தாச்சு. மூடி போட்டு −2.5 வோல்ட்டில் 0.1 பிகோ ஆம்பியர்கூட ஓடலை. அப்போ கசிவு இல்லை. 365 ஃபில்ட்டரோட மூடியைத் திறந்தா (எதிர்மின்னழுத்தம், பிகோ ஆம்பியர்):

1.0 – 15.3
1.2 – 4.4
1.4 – −2.7
1.5 – −4.7
1.6 – −5.8
2.0 – −6.0
2.5 – −6.0

சமதளம் −6.0-ல் நிற்குது. 546-க்கு −0.4-தான். இனி ஆனோடைச் சுத்தம் பண்ண முடியுமா?

பிகோ_ஆம்ப், சனி மாலை 4:05

தெளிவான டேட்டா. சுத்தம் பண்றது ட்யூபைப் பொறுத்தது. சில கல்விச் சாதன ட்யூபில் ஆனோடு ஒரு பிளாட்டினம் வளையம், அதன் இரண்டு முனையும் வெளியே வரும். தயாரிப்பாளர் சொன்ன அளவு மின்னோட்டத்தை அதில் கொஞ்ச நேரம் விட்டுச் சூடாக்கினா படிந்த கார உலோகம் ஆவியாகிப் போயிடும். ஏட்டில் இருக்கும் எல்லைக்குமேல ஒரு சிட்டிகைகூட ஏற்றாதீங்க, வளையம் அறுந்தா ட்யூபே போச்சு. உங்களோடது ஒற்றைக் கம்பி ஆனோடுன்னா அந்த வழி கிடையாது. கணக்கில்தான் கழிக்கணும்.

கழிக்கிறது இப்படி. சமதளம் −6.0, ஒவ்வொரு அளவோடும் 6.0 கூட்டுங்க: 21.3, 10.4, 3.3, 1.3, 0.2. இதுதான் கேத்தோடில் இருந்து மட்டும் வந்த மின்னோட்டம். 1.31-ல் மீட்டர் பூஜ்யம் காட்டினப்பவும் 6 பிகோ ஆம்பியர் எலக்ட்ரான் வந்துட்டேதான் இருந்திருக்கு.

இப்போ 'எங்கே பூஜ்யமாகுது'ன்னு கண்ணால பார்க்கப் போனா மறுபடி மாட்டுவீங்க. வளைவு அச்சைத் தடவிக்கிட்டே போய்ச் சேரும், எங்கே தொட்டதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. வர்க்கமூலம் எடுங்க: 4.62, 3.22, 1.82, 1.14, 0.45. முடியும் இடத்துக்குக் கிட்ட மின்னோட்டம் ஏறத்தாழ வோல்ட் வித்தியாசத்தின் வர்க்கமா போகும், அதனால வர்க்கமூலம் நேர்கோடாகும். 1.0-க்கும் 1.4-க்கும் நடுவே 0.4 வோல்ட்டுக்கு 2.80 இறங்குது, ஒரு வோல்ட்டுக்கு 7.0. 1.4-ல் மிச்சம் 1.82. 1.82-ஐ 7.0-ஆல் வகுத்தா 0.26. நிறுத்து மின்னழுத்தம் 1.66 வோல்ட்.

1.31 எங்கே, 1.66 எங்கே. ஒரே புள்ளியில் 0.35 வோல்ட். 546-க்கு இதே வேலை பண்ணினா 0.06 அளவுதான் ஏறும், பாருங்க. சாய்வு எங்கே போச்சுன்னு தெரியுதா?

ஒரு எச்சரிக்கை. வர்க்கமூலக் கோட்டின் அடிவாலில் இருக்கிற கடைசி ஒன்றிரண்டு புள்ளியைப் பொருத்தத்தில் சேர்க்காதீங்க. 6.0 என்பது 5.9-ஆ இருந்தாலே 0.45 என்பது கண்டபடி ஆடும். அறை வெப்பநிலையில் ஃபெர்மி மட்டத்துக்கு மேலயும் கொஞ்சம் எலக்ட்ரான் இருக்கு, 0.026 ஈவி அளவுக்கு வால் நீளும். கூர்மையான முடிவுங்கிறது தனிச்சுழி வெப்பநிலையில்தான்.

எஸ்பி_ரோடு_செல்வம், சனி மாலை 5:30

கசிவு இல்லைன்னு தம்பிக்கு வாய்த்தது நல்ல காலம். எல்லாருக்கும் வாய்க்காது, ஜூலை ஆகஸ்டில் பெங்களூரு ஈரத்தில் குறிப்பா. பழைய 929 ட்யூப் வைத்திருக்கிறவங்க கவனிங்க: அதன் அடிப்பீடம் ஈரம் இழுக்கும். அதே ட்யூபை ஈரம் இழுக்காத பீடத்தோட போட்டதுதான் 1பி39. கடையில் இரண்டும் ஒரே தட்டில் கிடக்கும், 1பி39-ஐ எடுங்க. 930-ஐ எடுக்காதீங்க, அது வாயு நிரப்பியது. வோல்ட் ஏற்ற ஏற்ற மின்னோட்டம் ஏறிக்கிட்டே போகும், தெவிட்டிய மின்னோட்டம்னு (வோல்ட் ஏற்றினாலும் மேற்கொண்டு கூடாத மின்னோட்டம்) ஒரு தளமே கிடைக்காது.

பிகோ அம்மீட்டர் இல்லாதவங்க செய்துக்கலாம். எல்எம்சி 662 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), அதன் உள்ளீட்டு மின்னோட்டம் ஃபெம்டோ ஆம்பியர்க் கணக்கு. டிஎல் 071 பழக்கத்தில் போட்டுடாதீங்க, அதுவே பத்துக்கணக்கில் பிகோ ஆம்பியர் இழுக்கும். பின்னூட்டத்துக்கு 1 கிகா ஓம். ஒற்றை ரெசிஸ்டரா எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடி அலைவதைவிட 100 மெகா ஓம் பத்தைத் தொடரா கட்டுங்க. ஒரு பிகோ ஆம்பியருக்கு ஒரு மில்லிவோல்ட், சாதா மல்டிமீட்டரில் படிக்கலாம். குறுக்கே 100 பிகோ ஃபாரட் போட்டா நேர மாறிலி 0.1 செகண்ட், மெர்குரி லாம்ப்பின் 100 ஹெர்ட்ஸ் மினுக்கல் அமுங்கிடும்.

சர்க்யூட் சரியா இருந்தும் காலை வாருவது போர்டுதான். ஐசியின் 2-ஆம் காலை சாக்கெட்டில் சொருகாம மேலே வளைத்துக் காற்றிலேயே ரெசிஸ்டரோடும் ட்யூப் ஒயரோடும் பற்றவைங்க. ஃப்ளக்ஸ் கறை இருந்தா அதுவே கசிவு; ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நல்லா உலரவிடுங்க. கழுவின பிறகு ரெசிஸ்டர் உடம்பில் விரல் வைக்கக் கூடாது. கவச கேபிள் ஆடினா மீட்டரும் ஆடும், டேப் போட்டு ஒட்டுங்க. ஆப்-ஆம்ப் ஆஃப்செட் 3 மில்லிவோல்ட் இருந்தா 3 பிகோ ஆம்பியர் போலித் தளம் தெரியும். மூடி போட்டு, 0 வோல்ட்டில், அந்த எண்ணைக் குறித்து எல்லாத்திலும் கழிங்க.

லேப்_உதவி_லதா (ஜெயநகர்), சனி இரவு 8:10

எங்க கிட்டில் மெர்குரி லாம்ப் இல்லை, ஹாலோஜன் பல்பும் வண்ணக் கண்ணாடியும்தான்: 635, 570, 540, 500, 460. இதில் 365 மாதிரி பிரச்சினை குறைவுதானே அண்ணா?

பிகோ_ஆம்ப், சனி இரவு 8:45

எதிர் மின்னோட்டம் குறைவு, வேற தொல்லை கூடுதல். ஹாலோஜன் எல்லா அலைநீளமும் தரும். அந்தக் கண்ணாடிகள் குறிப்பிட்ட எண்ணுக்கு நீளமானதை எல்லாம் விடும், குட்டையானதைத் தடுக்கும். 500-ன்னு போட்ட கண்ணாடி 500, 550, 600 எல்லாத்தையும் விடுது. அது பாதகமில்லை, ஏன்னா நிறுத்து மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது வந்ததிலேயே அதிக அதிர்வெண் உள்ள ஃபோட்டான்தான். மத்தது தொகையைக் கூட்டும், முடிவை மாற்றாது.

அதே காரணத்தால ஓட்டை விழுந்தா கெட்டது. 635 கண்ணாடியின் ஓரத்தில் இருந்து துளி நீல ஒளி கசிந்தாலும் சிவப்பு ஃபோட்டான் ஆயிரம் வந்து பயனில்லை, கடைசி எலக்ட்ரான் அந்த நீலத்தோடதுதான். சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டு சாய்வு குறையும். அறையில் எரியும் ட்யூப்லைட்டும் மெர்குரிதான், அதில் 436-உம் 405-உம் இருக்கு. லேப் லைட்டை அணைச்சிட்டு எடுங்க. அப்புறம் அந்தக் கண்ணாடிகள் விடத் தொடங்கும் இடம் ஒரு கோடு இல்லை, பத்திருபது நா.மீ. சரிவு. வட்டிக்கடைத் தராசு மாதிரி நாலு இலக்கத்தில் பிளாங்க் மாறிலியை எழுதினா சிரிப்பாங்க.

மெர்குரியில் இந்தச் சந்தேகமே இல்லை. ஃபில்ட்டரில் 577-ன்னு அச்சடித்திருந்தாலும் 580-ன்னு இருந்தாலும் உள்ளே வருவது மெர்குரியின் 577.0, 579.1 இரட்டைக்கோடு. கோட்டின் அலைநீளத்தைக் கணக்கில் போடுங்க, ஃபில்ட்டரின் எண்ணை இல்லை.

லேப்_உதவி_லதா, சனி இரவு 8:58

எல்இடி வைத்தா?

எஸ்பி_ரோடு_செல்வம், சனி இரவு 9:06

வைக்கலாம் மேடம். ஆனா எல்இடியின் நிறமாலை இருபது முப்பது நா.மீ. அகலம், உச்சி அலைநீளத்தைப் போட்டா நிறுத்து மின்னழுத்தம் எப்பவும் கொஞ்சம் கூடித்தான் வரும், நீலப்பக்கத்து வால் முடிவு பண்றதால. 365-ன்னு விற்கிற டார்ச்சில் பல 395-தான். கண்ணுக்குப் பளிச்சுனு ஊதாவா எரிஞ்சா சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு. எல்இடி எரியத் தொடங்கும் வோல்ட்டை அளந்து பிளாங்க் மாறிலி எடுக்கிற செட் ஒண்ணு பள்ளிகளில் சுத்துது. அது ஒளிமின் விளைவு இல்லை. எலக்ட்ரான் வெளியே வரலை, குறைகடத்திச் சந்தியில் துளையோட சேர்ந்து ஒளி கொடுக்குது. ரெக்கார்டில் இரண்டையும் ஒரே தலைப்பில் போடக் கூடாது.

கோச்சிங்_குமரன், ஞாயிறு காலை 7:20

வேற ஒரு சண்டைக்கு இங்கே தீர்ப்பு வேணும். கேள்வி: "செறிவை மாற்றாமல் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் தெவிட்டிய மின்னோட்டம் என்னவாகும்?" பழைய விடைக்குறிப்பில் 'மாறாது'. ஒரு மாணவர் 'பாதியாகும்'னு நிற்கிறார்.

சீசியம்_சதா, ஞாயிறு காலை 8:02

செறிவுன்னா சதுர மீட்டருக்கு எத்தனை வாட்டுன்னு எடுத்தா மாணவர் பக்கம்தான் நியாயம். அதிர்வெண் இரட்டிப்பானா ஒரு ஃபோட்டானின் ஆற்றல் இரட்டிப்பு, அதே வாட்டுக்கு ஃபோட்டான் எண்ணிக்கை பாதி. செறிவுங்கிற சொல்லுக்கு 'ஒரு செகண்டில் விழும் ஃபோட்டான்'னு பொருள் வைத்தாத்தான் 'மாறாது'. கேள்வியில் எதுன்னு சொல்லாததுதான் கோளாறு.

நிஜ ட்யூபில் இரண்டு விடையும் தப்பு. 1 மில்லிவாட் 405 நா.மீ. ஒளியில் செகண்டுக்கு 2.04 × 10¹⁵ ஃபோட்டான், 546-ல் 2.75 × 10¹⁵. ஆனா நூறு ஃபோட்டானுக்கு எத்தனை எலக்ட்ரான்கிற விளைதிறன் அலைநீளத்தோட மாறும். 405-ல் 1 சதவீதம்னு வைத்தா 3.27 மைக்ரோ ஆம்பியர் வரும். 546-ல் பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கிட்டப் போயிட்டதால விளைதிறன் பலமடங்கு விழும், ஃபோட்டான் கூடுதலா இருந்தும் மின்னோட்டம் குறையும். தூய உலோகத்தில், தொடக்கத்துக்குக் கிட்ட, அதிர்வெண் மிகுதியின் வர்க்கமா ஏறும்னு 1931-ல் ஃபௌலர் காட்டினார்.

ஆக அதிர்வெண் தீர்மானிப்பது இரண்டு: எலக்ட்ரான் வருமா வராதா, வந்தா அதிகபட்சம் எவ்வளவு ஆற்றலோட. எத்தனை வரும்ங்கிறதில் அதிர்வெண்ணுக்கும் கை உண்டு, பாடப்புத்தகம் அதைத் தொடாது. லெனார்ட் 1902-ல் 'செறிவு ஆற்றலை மாற்றாது'ன்னு காட்டினது வேற கூற்று, அதோட இதைக் குழப்பக் கூடாது.

சிவாஜிநகர்_டீச்சர், ஞாயிறு காலை 9:45

பள்ளிக்கூடத்துக்குத் துத்தநாகத் தகடு, தங்க இலை மின்காட்டி வைத்துக் காட்டப் பார்க்கிறோம். டார்ச், ட்யூப்லைட், 395 யூவி டார்ச் எதுக்கும் இலை விழலை.

எஸ்பி_ரோடு_செல்வம், ஞாயிறு காலை 10:20

விழாது டீச்சர். துத்தநாகத்துக்கு 4.3 ஈவி வேணும், அதாவது 288 நா.மீ.க்குக் கீழே. 395 டார்ச்சுக்கு 3.1-தான். வீட்டு வாட்டர் பியூரிஃபையரில் போடுற 11 வாட் யூவி லாம்ப் வாங்குங்க, அது 254 நா.மீ., 4.88 ஈவி. சோக்கோட சேர்த்து வாங்கணும்.

தகட்டை உப்புத்தாளால் பளபளன்னு தேய்த்து உடனே செய்யணும். ஆக்சைடு படிந்தா மந்தமாகும். கம்பளியில் தேய்த்த பிவிசி குழாயால் எதிர்மின்னூட்டம் ஏற்றுங்க. லாம்ப் போடாம முதல்ல இலை தானா எவ்வளவு நேரத்தில் இறங்குதுன்னு பாருங்க, மழைநாளில் ஈரத்துக்கே இறங்கிடும். அப்புறம் லாம்ப்: சட்டுனு விழணும். நடுவே ஜன்னல் கண்ணாடி வைத்தா நிற்கணும், 254-ஐ அது விடாது. நேர்மின்னூட்டம் ஏற்றிக் காட்டுவதை விட்டுடாதீங்க. அப்போ இலை விழக் கூடாது. விழுந்தா காற்றோ ஈரமோ மின்னூட்டத்தைக் கொண்டுபோகுது, நீங்க காட்டினது ஒளிமின் விளைவே இல்லை.

பிள்ளைங்க கண்ணுக்கு அந்த லாம்ப் நேரா தெரியவே கூடாது. அட்டைப்பெட்டிக்குள் வைத்துத் தகடு பக்கம் மட்டும் துளை விடுங்க. தோலிலும் படக் கூடாது, பார்க்க மங்கலா நீலமாத்தான் இருக்கும், கண்ணெரிச்சல் ராத்திரிதான் தெரியும்.

சீசியம்_சதா, ஞாயிறு காலை 10:50

டீச்சர், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத் துத்தநாகம் அசையாதுங்கிறது குறையா தெரியும், ஆனா அதையே வேணும்னு கேட்கிறவங்க நம்ம ஊரிலேயே இருக்காங்க. 2015 செப்டம்பர் 28-ல் ஏவின இந்திய விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டின் யூவி தொலைநோக்கி, கோரமங்களாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று செய்தது. அதில் 130 – 180 நா.மீ. பட்டைக்குச் சீசியம் அயோடைடு கேத்தோடு, 200 – 300-க்குச் சீசியம் டெல்லூரைடு. விண்மீன் கொட்டுகிற கண்ணுறு ஒளியை இவை ஏறெடுத்தும் பார்க்காது. ஃபில்ட்டர் செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதியைப் பயன்தொடக்க அதிர்வெண்ணே செய்துடுது. பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லலாம்.

பச்சை_546, ஞாயிறு மாலை 6:15

ஐந்துக்கும் சமதளம் கழித்து வர்க்கமூலம் போட்டாச்சு:

365 – 1.66
405 – 1.34
436 – 1.13
546 – 0.56
578 – 0.44

சாய்வு 10¹⁴ ஹெர்ட்ஸுக்கு 0.404 வோல்ட். பிளாங்க் மாறிலி 6.48 × 10⁻³⁴. இன்னும் 2.2 சதவீதம் கம்மி. இதையும் தேடணுமா? வெட்டுத்துண்டு −1.66, அதை ரெக்கார்டில் என்னன்னு எழுதணும்?

பிகோ_ஆம்ப், ஞாயிறு மாலை 6:40

ஓரப்புள்ளி இரண்டுக்கும் நடுவே 1.22 வோல்ட். ஒவ்வொன்றிலும் ±0.02 இருந்தா சாய்வில் 2 சதவீதம் அதிலேயே போச்சு. பிழையோட சேர்த்து எழுதிட்டு நிறுத்துங்க. ஒண்ணு மட்டும் பார்க்கலாம்: 578 ஃபில்ட்டர் 546-ஐக் கொஞ்சம் விடுதான்னு. 546-ஐத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடியைக் கூடச் சொருகி மறுபடி எடுங்க. 0.44 இறங்கினா 546 ஒளி கசிந்திருக்கு, சாய்வு இன்னும் ஏறும்.

சீசியம்_சதா, ஞாயிறு மாலை 7:05

'ஆனோடின் வெளியேற்று ஆற்றல், ஏறத்தாழ 1.66 ஈவி, சீசியம் படிந்த பரப்பு'ன்னு எழுதுங்க. வைவாவில் கேத்தோடுடையதைக் கேட்டா அது வேற அளவீடு: முன்பக்க வோல்ட் கொடுத்து, அலைநீளத்தை 550-லிருந்து மெதுவா நீட்டிக்கிட்டே போய் மின்னோட்டம் எங்கே சாகுதுன்னு பார்க்கணும். அதுக்கு மெர்குரி போதாது, ஹாலோஜனும் மோனோக்ரோமேட்டரும் (வேண்டிய ஒரு அலைநீளத்தை மட்டும் பிரித்துத் தரும் கருவி) வேணும்.

பச்சை_546, திங்கள் பகல் 2:30

ஆரஞ்சுக் கண்ணாடி போட்டதும் 578 புள்ளி 0.42-க்கு வந்தது. சாய்வு 0.409, பிளாங்க் மாறிலி 6.55. மின்னோட்டம் நாலில் ஒரு பங்கு குறைந்ததால அம்மீட்டர் ரேஞ்சை ஒரு படி இறக்கி ஆஃப்செட்டை மறுபடி கழிக்க வேண்டியிருந்தது, செய்யப் போறவங்க கவனிச்சுக்கோங்க.